அவுட் ஆஃப் சிலபஸ்: ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸின் கதை

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துவிட்டு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)



இன்னிக்கு எபிசோடை ஒரு சின்ன வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். என் மேசை டிராயரில் ஒரு சான்றிதழ் கிடக்கிறது. ‘முதலுதவிப் பயிற்சி: சிறந்த மாணவர்’ என்று போட்டு, கீழே என் பெயர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் வேலை பார்த்த ஆபீஸில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. தரையில் ஒரு ரப்பர் பொம்மை, இடுப்பு வரைக்கும்தான் இருக்கும். அதன் நெஞ்சில் கையை வைத்து அழுத்தணும். குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. சரியாக அழுத்தினால் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும்.

நான் நாற்பது செகண்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்துட்டேன். டிக் சத்தம் பாதிதான் வந்தது.

கதவுப் பக்கம் நின்று எங்க செக்யூரிட்டி அண்ணன் பார்த்துக்கிட்டு இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் பயிற்சியாளர், “வாங்கண்ணே, நீங்களும் ஒரு தடவை பண்ணிப் பாருங்க” என்று கூப்பிட்டார். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முட்டி போட்டார். முழுசா ரெண்டு நிமிஷம். கடிகாரம் மாதிரி டிக், டிக், டிக். ஒண்ணுகூடத் தப்பவில்லை.

சாயங்காலம் 20 கேள்விக்கு அப்ஜெக்டிவ் டெஸ்ட். நான் 20-க்கு 20. நாலு வருஷம் இன்ஜினியரிங்கில் நாம கத்துக்கிட்டதே அதைத்தானே! அண்ணன் டெஸ்ட் எழுதவில்லை. அவர் கான்ட்ராக்ட் ஆள், லிஸ்டில் பேரே கிடையாது. சான்றிதழ் எனக்கு வந்தது. எல்லாரும் கை தட்டினாங்க. அவரும் தட்டினார்.

அந்தக் கைதட்டல் கொஞ்ச நாள் உறுத்திக்கிட்டே இருந்தது. அப்புறம், அந்த ரப்பர் பொம்மை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் என்னை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக்குக் கொண்டுபோய் விட்டது. உலகத்திலேயே முதல் பாராமெடிக் மாணவர்களில் ஒரு கூட்டம், தங்கள் வகுப்பில் மட்டுமில்லை, தங்கள் நாட்டிலேயே தலைசிறந்த மாணவர்கள். அவர்களை ஒரு நகரம் எப்படி ‘அங்கீகரித்தது’ என்பதுதான் இன்றைய கதை.

கூப்பிட்டால் யார் வருவார்கள்?

1960-களின் அமெரிக்கா. நிலவுக்கு ராக்கெட் விடத் தயாராகிக்கொண்டிருந்த நாடு. ஆனால் நடுரோட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் வருவது யார் தெரியுமா? பல ஊர்களில் இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனத்தின் வண்டி. ஆமாம், நம்ம ஊர் பாஷையில் சொன்னால் அமரர் ஊர்தி. ஒரு ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோக வசதியான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்தியவர்கள் அவர்கள்தான்.

1966-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் ஒரு அறிக்கை வெளியிட்டது. முந்தைய வருஷம், அதாவது 1965-ல் மட்டும், விபத்துகளில் 1,07,000 பேர் இறந்திருந்தார்கள். அதில் 49,000 பேர் வாகன விபத்தில். இது கண்டுகொள்ளப்படாத ஒரு நோய் என்றே அந்த அறிக்கை சொன்னது. போர்க்களத்தில் அடிபட்ட சிப்பாய்க்குக் கிடைக்கும் முதல் கட்ட சிகிச்சை, சொந்த ஊர் ரோட்டில் அடிபட்டவருக்குக் கிடைப்பதில்லை என்ற நிலைமை.

பிட்ஸ்பர்க்கில் இந்த வேலையைப் போலீஸ் பார்த்தது. வேனில் ஏற்றுவார்கள், ஓட்டுவார்கள், ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவார்கள். பின்னால் படுத்திருப்பவருக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்கப் பெரும்பாலும் ஆள் இருக்காது.

அதே 1966, நவம்பர் 4. டேவிட் லாரன்ஸ் என்ற மூத்த அரசியல்வாதி ஒரு தேர்தல் கூட்டத்தில் மயங்கி விழுந்தார். பிட்ஸ்பர்க்கின் மேயராக இருந்தவர், பென்சில்வேனியா மாநிலத்தின் கவர்னராகவும் இருந்தவர். அவருக்கும் அந்தப் போலீஸ் வேன்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நேரம் கடந்திருந்தது. நினைவு திரும்பவே இல்லை. நவம்பர் 21-ல் இறந்தார். அந்த ஊரிலேயே பெரிய மனிதருக்கு இந்த நிலைமை என்றால், மற்றவர்கள் கதி என்ன?

அப்பாவாகிப்போன டாக்டர்

அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு மயக்கவியல் டாக்டர் இருந்தார். பீட்டர் சஃபார். வியன்னாவில் பிறந்தவர். வாயோடு வாய் வைத்து ஊதினால் ஒருவரை உயிரோடு வைத்திருக்க முடியும் என்பதை 1950-களில் பால்டிமோரில் பரிசோதனை செய்து நிரூபித்தவர். எப்படி நிரூபித்தார்? தன்னார்வலர்களுக்கு மருந்து கொடுத்து, அவர்கள் தானாக மூச்சுவிட முடியாத நிலையில் வைத்து, வேறு ஆட்களை ஊதச் சொன்னார். ஊதியவர்களில் மருத்துவமே படிக்காத சாதாரண ஆட்களும் இருந்தார்கள். அதுதான் முக்கியம். உயிரைக் காப்பாற்ற எம்.பி.பி.எஸ். தேவையில்லை, கற்றுக்கொடுத்தால் போதும் என்பது அவர் கட்சி.

1960-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நெஞ்சை அழுத்தும் முறையை வெளியிட்டார்கள். சஃபார் ரெண்டையும் சேர்த்தார். இன்னிக்கு நாம சி.பி.ஆர். என்று சொல்வது அதைத்தான். அந்த ரப்பர் பொம்மையும் இந்த வட்டத்தில் பிறந்ததுதான். நார்வேயில் பொம்மை செய்து விற்ற ஆஸ்மண்ட் லேர்டால் என்பவர் 1960-ல் அதை உருவாக்கினார். ஆக, என் ஆபீஸ் தரையில் கிடந்தது இந்தக் கதையின் ஒரு பாத்திரம்.

1966-ல் சஃபாரின் மகள் எலிசபெத் ஆஸ்துமாவில் இறந்தாள். 11 வயது. அப்பா அம்மா ரெண்டு பேரும் வெளியூரில் ஒரு மருத்துவ மாநாட்டில் இருந்தார்கள். உலகத்துக்கே மூச்சு கொடுக்கச் சொல்லிக்கொடுத்தவரின் வீட்டில், சரியான நேரத்தில் மூச்சு கொடுக்க ஆள் இல்லாமல் போனது. ஆஸ்பத்திரிக்கு வெளியேயே சிகிச்சை தொடங்க வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வண்டியிலேயே வர வேண்டும் என்பது அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வெறியாகவே ஆனது.

‘வேலைக்கு ஆகாதவர்கள்’

இப்போ அந்த ஊரின் இன்னொரு பக்கம். ஹில் டிஸ்ட்ரிக்ட். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி. 1950-களில் நகர மேம்பாடு என்ற பெயரில் அதன் கீழ்ப் பகுதியை இடித்துத் தள்ளி ஒரு பெரிய அரங்கம் கட்டினார்கள். சுமார் 8,000 பேர் வீடிழந்தார்கள். மிச்சமிருந்த இடத்தில் வேலை கிடையாது. கூப்பிட்டால் போலீஸ் வேன் வருவதும் சந்தேகம்.

அங்கே ஜேம்ஸ் மெக்காய் என்பவர் ‘ஃப்ரீடம் ஹவுஸ் என்டர்பிரைசஸ்’ என்ற அமைப்பை நடத்தினார். வண்டியில் காய்கறி கொண்டுபோய்த் தெருத் தெருவாக விற்பது அவர்களின் திட்டங்களில் ஒன்று. ஃபால்க் மருத்துவ நிதியத்தின் தலைவர் ஃபில் ஹாலன் கேட்டார்: வண்டியில் காய்கறி போகலாம் என்றால், நோயாளி ஏன் போகக்கூடாது? பணத்துக்கு ஹாலன், ஆட்களுக்கு மெக்காய், பாடத்துக்கு சஃபார். 1967-ல் மூன்றும் ஒன்று சேர்ந்தன.

யாரைச் சேர்த்தார்கள் தெரியுமா? அந்தக் காலத்து நிர்வாக பாஷையில் ‘வேலைக்கு ஆகாதவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்டவர்களை. பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். சிலர் வியட்நாமில் இருந்து திரும்பியவர்கள். சிலர் மேல் போலீஸ் கேஸ் இருந்தது.

அவர்களுக்கு சஃபார் வைத்த பாடத்தைப் பாருங்க. 32 வாரம், 300 மணி நேரம். உடற்கூறியல், உடலியங்கியல், சி.பி.ஆர்., மேல்நிலை முதலுதவி, நர்சிங், பாதுகாப்பாக வண்டி ஓட்டுவது. வகுப்பு முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குள்ளே நேரடிப் பயிற்சி. பள்ளிப் படிப்பை விட்டவர்கள் கூடவே அந்தப் பரீட்சையையும் எழுதித் தேறினார்கள். இது எவ்வளவு பெரிய சுமை என்று புரிய ஒரு ஒப்பீடு: 1970-களின் தொடக்கத்தில் ஆம்புலன்ஸ் ஊழியருக்கான தேசிய அடிப்படைப் பாடம் என்று ஒன்று வந்தபோது, அது 81 மணி நேரம். இவர்கள் அதற்கு முன்பே அதைப் போல மூன்றரை மடங்கு படித்திருந்தார்கள்.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டபோது ஹில் பற்றி எரிந்தது. சேவை இன்னும் முறையாகத் தொடங்கவில்லை. ஆனாலும் இந்த மாணவர்கள் தெருவில் இறங்கி அடிபட்டவர்களைப் பார்த்தார்கள். அவர்களுக்கு ப்ராக்டிகல் எக்ஸாம் அங்கேயே நடந்துவிட்டது என்றுதான் சொல்லணும்.

மதிப்பெண் பட்டியல்

சேவை தொடங்கிய முதல் வருஷத்தில் ஏறக்குறைய 5,800 அழைப்புகள். 4,600-க்கும் அதிகமான நோயாளிகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சஃபார் திரட்டிய கணக்குப்படி, அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 200 உயிர்கள் காப்பாற்றப்பட்டன.

இதைவிடப் பெரிய மார்க் ஷீட் வேற என்ன வேணும்? ஆனால் நகர நிர்வாகம் ஹில்லையும் அதைச் சுற்றிய சில பகுதிகளையும் மட்டும் அவர்களுக்குக் கொடுத்தது. வசதியான வெள்ளையர் பகுதிகளில் பழையபடி போலீஸ் வேன்தான். இதில் ஒரு வேடிக்கை பாருங்க. ஊரிலேயே ஏழைப் பகுதிக்கு நாட்டிலேயே சிறந்த ஆம்புலன்ஸ். பணக்காரப் பகுதிக்கு வேனும் ஸ்ட்ரெச்சரும். தப்பான ஆட்களிடம் நல்ல விஷயம் இருந்தால், அதைக் கடன் வாங்குவதைவிட அது இல்லாமலே சாவது மேல் என்று ஒரு ஊரே நினைத்த மாதிரி.

இவர்களைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜான் மூன். அப்போது ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு பாய் வேலை. ஒரு நாள் ரெண்டு கறுப்பின இளைஞர்கள் யூனிஃபார்மோடு உள்ளே நுழைந்து, அதிகாரத்தோடு பேசி, நோயாளியைக் கையாண்டதைப் பார்த்தார். அந்த ஆஸ்பத்திரியில் அவரைப் போன்ற ஒருவர் அப்படி நடந்து அவர் பார்த்ததில்லை. நானும் இதில் சேரணும் என்று முடிவு பண்ணினார். சேர்ந்தார். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

நான்சி மேடம்

1974-ல் சஃபாரிடம் தீவிர சிகிச்சை படிக்க வந்த நான்சி கரோலைன் என்ற இளம் டாக்டர் ஃப்ரீடம் ஹவுஸின் மருத்துவ இயக்குநர் ஆனார். முப்பது வயதுதான். அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற இயக்குநர் இல்லை. ஆம்புலன்ஸிலேயே ஏறிப் போனார். ரேடியோவில் கூடவே இருந்தார். ஒவ்வொரு கேஸையும் அப்புறம் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார்கள்: எங்கே சரியாகச் செய்தோம், எங்கே தவறினோம். நம்ம துறையில் கோட் ரிவ்யூ என்று சொல்வோமே, அதேதான். ஆனால் இங்கே பக் என்றால் ஒரு ஆள்.

வீட்டு மாடிப்படியில், மங்கிய வெளிச்சத்தில், சுற்றிலும் சொந்தக்காரர்கள் அழுதுகொண்டிருக்க, எப்படிக் குழாய் செலுத்துவது, எப்படி ஊசி போடுவது, குடும்பத்திடம் என்ன பேசுவது? இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது, அவர்கள்தான் செய்து பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்க அரசு பாராமெடிக்குகளுக்கு ஒரு தேசியப் பாடத்திட்டம் வேண்டும் என்று முடிவெடுத்தபோது, அதை எழுதும் பொறுப்பு நான்சியிடம் வந்தது. களத்தில் சோதித்துப் பார்த்தது ஃப்ரீடம் ஹவுஸ் ஆட்களை வைத்து. 1979-ல் அவர் எழுதிய ‘எமர்ஜென்சி கேர் இன் தி ஸ்ட்ரீட்ஸ்’ பாடநூல் வெளிவந்தது. இன்றுவரை புதுப் புதுப் பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது, அவர் பெயரோடு.

இதை மனசுல வச்சுக்கிட்டு அடுத்த பகுதியைக் கேளுங்க.

1975: கேள்வித்தாளை யார் எடுத்தார்கள்?

மேயர் பீட்டர் ஃப்ளாஹர்ட்டியின் நிர்வாகம், ஊர் முழுவதற்கும் சொந்தமாக ஆம்புலன்ஸ் சேவை தொடங்கும் என்று அறிவித்தது. இது மட்டும்தான் என்றால் தப்பே இல்லை. ஊர் முழுக்க ஒரே தரத்தில் சேவை வேணும்தான். நியாயமாகப் பார்த்தால், நாட்டிலேயே சிறந்த குழு உங்க ஊரிலேயே இருக்கிறது, அவர்களைத் தலைமையில் வைத்து விரிவுபடுத்தியிருக்கலாம்.

1975 அக்டோபர் 15 அன்று ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. ஆட்களை நகரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான்சி போராடி ஒப்புக்கொள்ள வைத்தார். 26 பேர் புதிய சேவைக்குப் போனார்கள்.

அப்புறம் விதிகள் ஒவ்வொன்றாக வந்தன. பழைய போலீஸ் கேஸ் இருந்தவர்களுக்கு இடமில்லை. பரீட்சை வைத்தார்கள், பாஸ் அல்லது ஃபெயில். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படாத பாடத்தில் இருந்து கேள்விகள். கேட்டதும் எனக்குச் சட்டென்று தோன்றியது நம்ம செமஸ்டர் வார்த்தைதான்: அவுட் ஆஃப் சிலபஸ். சேர்ந்தே வேலை பார்த்த ஜோடிகளைப் பிரித்து வேற வேற இடத்தில் போட்டார்கள். அனுபவம் குறைந்த புது வெள்ளையர்களுக்குக் கீழே வைத்தார்கள். சிலரை மருத்துவமே இல்லாத வேலைக்கு மாற்றினார்கள்.

ஒரு வருஷத்தில் 26 பேரில் பாதிப் பேர்தான் மிச்சம். 1990-களின் கடைசியில் பிட்ஸ்பர்க் அவசர சேவையில் 98 சதவீதம் பேர் வெள்ளையர்கள்.

நாடு முழுக்க மாணவர்கள் படிக்கப்போகும் பாடப்புத்தகம் யாருடைய வேலையில் இருந்து பிறந்ததோ, அவர்களை உள்ளூர்ப் பரீட்சை வெளியே தள்ளியது. நான் மெஷின் லேர்னிங் வேலை பார்க்கிறவன். அங்கே ஒரு பாலபாடம் உண்டு. நீங்கள் எதை அளக்கிறீர்களோ, அதுதான் கிடைக்கும். 200 உயிர் என்பதை அளந்திருந்தால் ஒரு விடை வந்திருக்கும். ஓ.எம்.ஆர். ஷீட்டை அளந்தார்கள், வேற விடை வந்தது. ஒண்ணு மட்டும் தெளிவாகச் சொல்லிடறேன். பரீட்சையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சஃபாரும் நான்சியும் வைத்த பரீட்சைகள் இதைவிடக் கடினம். வித்தியாசம் இதுதான்: அந்தப் பரீட்சைகள், மாணவனைத் தேற்றுவதற்காக வைத்தவை. இது கழிப்பதற்காக வைத்தது.

கடைசியில் கிடைத்தது என்ன?

சஃபார் 2003 வரை வாழ்ந்தார். மூன்று தடவை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். நான்சி இஸ்ரேலுக்குப் போய் அங்கேயும் அவசர மருத்துவச் சேவையை வளர்த்தார், 2002-ல் இறந்தார். ஃப்ரீடம் ஹவுஸ் ஆட்களில் மிச்சல் பிரவுன் கிளீவ்லாந்து நகரின் அவசர மருத்துவ சேவைக்குத் தலைவரானார், பிறகு கொலம்பஸ் நகரின் பொதுப் பாதுகாப்பு இயக்குநர் ஆனார். அதாவது வேற ஊர்களுக்குத் தெரிந்தது, சொந்த ஊருக்குத் தெரியவில்லை.

ஜான் மூன்? அவர் பிட்ஸ்பர்க்கிலேயே நின்றார். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, படிப்படியாக மேலே வந்து, உதவித் தலைவராக 2009-ல் ஓய்வு பெற்றார். மேலே போனதும் அவர் செய்த முக்கியமான வேலை, தன்னைப் போன்றவர்கள் திரும்ப உள்ளே வர ஒரு கதவைத் திறக்க முயன்றது.

அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2009-ல் வந்தது. கெவின் ஹசார்ட் எழுதிய ‘அமெரிக்கன் சைரன்ஸ்’ புத்தகம் 2022-ல். சில வருஷங்களுக்கு முன்பு, வாய்ப்புக் கிடைக்காத பகுதிகளில் இருந்து இளைஞர்களை எடுத்து அவசர மருத்துவப் பயிற்சி கொடுக்கும் ஒரு திட்டத்தை பிட்ஸ்பர்க்கில் தொடங்கினார்கள். பெயர் ‘ஃப்ரீடம் ஹவுஸ் 2.0’. நல்ல விஷயம்தான். ஆனால் முதல் வெர்ஷனை எழுதியவர்களில் பலர் அதைப் பார்க்க இல்லை.

ஒரு நல்ல மாணவரை அங்கீகரிப்பது என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது மேடை, பொன்னாடை, கேடயம், ஃபோட்டோ. ஃப்ரீடம் ஹவுஸ் ஆட்களுக்கும் இப்போது அதெல்லாம் கிடைக்கிறது. 1975-ல் அவர்களுக்குத் தேவைப்பட்டது கேடயம் இல்லை, செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்ந்து செய்ய விடுவது. உண்மையான அங்கீகாரம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நன்றாகச் செய்கிறவனிடம் அந்த வேலையைக் கொடுப்பது. அவன் சொல்வதைக் கேட்பது. அடுத்த வகுப்புக்கு அவனையே வாத்தியார் ஆக்குவது.

இந்த எபிசோடுக்கு ஸ்கிரிப்ட் எழுதிக்கிட்டு இருந்தப்போ பழைய ஆபீஸ் நண்பனுக்கு ஃபோன் பண்ணினேன். செக்யூரிட்டி அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார், நைட் ஷிஃப்டில். இந்த வருஷப் பயிற்சிக்கும் லிஸ்ட் தயாராகிக்கிட்டு இருக்கு. அதில் கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்க்கச் சொல்லி மெயில் போடுடா என்றேன். போட்டிருக்கிறான். “பரிசீலிக்கிறோம்” என்று பதில் வந்திருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் கட்டடத்தில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், சான்றிதழ் வாங்கிய நான் அங்கே இருக்கப்போவதில்லை. அவர்தான் இருப்பார்.

உங்க ஆபீஸில், உங்க அபார்ட்மென்டில் அப்படி யார் இருக்காங்க என்று ஒரு தடவை பாருங்க. முடிந்தால் லிஸ்டில் அவர் பேரைச் சேர்க்கச் சொல்லுங்க.